ஜெபம் முடிந்து எழும்பிய பிறகு



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு மாலை நிகழ்ச்சியில், நேயர் அழைப்பு நேரத்தில், ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். பெயரைச் சொல்லவில்லை. குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. "தம்பி, எங்கட சபையில எல்லாரும் துணிவா ஜெபியுங்கோ, விசுவாசத்தில காலை எடுத்து வையுங்கோ எண்டு சொல்லுகினம். எனக்குச் சத்தமா ஜெபிக்க வராது. தொண்டையும் சரியில்லை. அப்ப என்ர ஜெபம் துணிவில்லாத ஜெபமோ?" என்று கேட்டார். நிகழ்ச்சி முடிய நாற்பது செக்கன்தான் இருந்தது. "அப்படி ஒண்டும் இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த அம்மாவுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பதிலைத்தான் இன்றைக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் போதகர் அல்ல. கணக்காளன். உங்களில் பலருடைய வரிப் படிவங்கள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தவனுக்கு வேதாகமம் பற்றிப் பேச என்ன தகுதி என்று யாரும் கேட்டால், ஒரு தகுதியும் இல்லை. சைவ நேயர்களும் இந்த வானொலியைக் கேட்கிறீர்கள். உங்களை ஒரு பக்கமும் இழுக்க நான் வரவில்லை. நான் சொல்லப்போகும் கதையில் ஒரு முக்கியமான இடம் ஒரு சைவ வீட்டு விறாந்தை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை எங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்காக மட்டும் சொல்கிறேன். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க எத்தனையோ நிமிடம். அப்பா காலமாகி மூன்று வருடம். அம்மா, தம்பி, நான், ஒரு சைக்கிள். என் பட்டச் சான்றிதழை ஷொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அந்த நேரம் அது சிரிப்பாக இருக்கவில்லை.

அடுத்த நாள் பொழுதுபடும் நேரம் கொடிகாமத்துக்குக் கிட்ட வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடங்கள் நிறைந்துவிட்டன. தேவாலயமும் கோயில் மடமும் நிறைந்துவிட்டன. அம்மா ஒரு வேலி ஓரமாக நின்றார். கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. அரை நிமிடம் இருக்கும். பிறகு கண்ணைத் திறந்து, முன்னால் இருந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் அம்மா ஒரு வாத்தியாரின் மனைவி. பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு சீனி கேட்கவும் கூச்சப்படுகிறவர். அவர் முன்பின் தெரியாத வீட்டுப் படலையைத் திறந்ததை நானும் தம்பியும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த வீட்டில் ஏற்கனவே இரண்டு குடும்பம் வந்திருந்தது. திருநீறு பூசிய ஒரு ஐயா வெளியே வந்து, "இடமில்லைப் பிள்ளை. எண்டாலும் வாங்கோ" என்றார். விறாந்தையில் ஒரு மூலை எங்களுக்குக் கிடைத்தது. 1996 ஏப்ரல் மட்டும் அந்த மூலைதான் எங்கள் வீடு.

பின்னாளில் ஒரு தடவை அம்மாவிடம், அந்த வேலியடியில் என்ன ஜெபித்தீர்கள் என்று கேட்டேன். "வீடு தா எண்டு கேக்கேல்லை. கேக்கிறதுக்கு வாயைத் தா எண்டுதான் கேட்டனான்" என்றார்.

லூக்கா சுவிசேஷத்தில் இயேசு ஒரு கதை சொல்கிறார். நடுச்சாமத்தில் ஒருவன் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கேட்கிறான். தனக்கல்ல, தன்னிடம் வந்த விருந்தாளிக்கு. உள்ளே இருப்பவனுக்கு எழும்ப விருப்பமில்லை. ஆனால் தட்டுகிறவன் விடவில்லை. துணிவான ஜெபத்துக்கு இந்தக் கதையைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். நான் கவனிப்பது ஒன்றுதான். அந்த மனிதன் வீட்டுக்குள் இருந்து சத்தம் போடவில்லை. இருட்டில் இறங்கி நடந்து போயிருக்கிறான்.

இனி இதற்கு மறுபக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு இளம் தம்பதி என்னிடம் வந்தார்கள். மனைவியின் கையில் ஒரு பிஸ்கற் ரின். அதற்குள் கடன் அட்டைப் பத்திரங்கள். எங்கோ ஒரு கூட்டத்தில், கட்டட நிதிக்கு விசுவாசத்தில் ஒரு தொகையை அறிக்கை செய்யுங்கள், கையில் இல்லாத காசை எழுதுவதுதான் உண்மையான விசுவாசம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் எழுதிய தொகை எட்டாயிரம் பவுண். கணவனுக்குப் பண்டகசாலையில் வேலை. மனைவிக்குக் கைக்குழந்தை. இரண்டு அட்டையில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் வந்தபோது வட்டியோடு அது பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது. நான் மாதக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை கேட்டது: "அண்ணா, இது எங்கட விசுவாசக் குறைவோ?"

எனக்கு வந்த கோபத்தை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. அந்தக் கோபத்தோடுதான் நான் ஜோர்ஜ் முல்லர் என்ற மனிதரைப் படிக்கத் தொடங்கினேன். விசுவாச ஜெபம் என்றால் எல்லோரும் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். காட்டட்டும், இந்த ஆளின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்போம் என்று இறங்கினேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

முல்லர் 1805ல் அன்றைய பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். தகப்பன் அரசாங்க வரி சேகரிப்பவர். மகன் பத்து வயதாகும் முன்பே தகப்பன் வைத்திருந்த வரிப் பணத்தில் களவெடுக்கப் பழகிவிட்டார். பதினாறு வயதில், விடுதியில் தங்கிக் காசு கொடுக்காமல் ஓடப் பார்த்துச் சிறைக்கும் போனார். பிறகு ஹாலெ நகரில் இறையியல் மாணவர். படிப்புக்காகப் போனாரே தவிரப் பக்திக்காக அல்ல. 1825ல் ஒரு வீட்டுக் கூட்டத்துக்குப் போனபோது, ஒருவர் முழங்காலில் நின்று ஜெபிப்பதை வாழ்க்கையில் முதன்முதலாகக் கண்டார். அங்கேதான் அவருக்கு மனம் திரும்பியது. 1829ல் இங்கிலாந்துக்கு வந்தார். வேற்று நாட்டில், வேற்று மொழியில், நாக்குத் தடக்கத் தடக்கப் பிரசங்கம் செய்தவர். எங்களுக்கு இது புதிதல்ல.

அந்த ஹாலெ நகரத்துக்கும் எங்களுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அங்கே ஃபிராங்கே என்பவர் நடத்திய பெரிய அநாதை இல்லத்தோடு சேர்ந்த சூழலில் இருந்துதான் சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடிக்கு வந்தார். தரங்கம்பாடி அச்சகத்துக்கு முதலில் தமிழ் அச்செழுத்து வார்த்து அனுப்பியதும் ஹாலெதான். 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதே ஃபிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றை 1835ல் பிரிஸ்ரலில் வாசித்தபோதுதான், தானும் ஒரு அநாதை இல்லம் தொடங்கவேண்டும் என்ற எண்ணம் முல்லருக்கு உறுதியானது. ஒரே அடுப்பில் இரண்டு பக்கமும் நெருப்பு எடுத்த மாதிரி. அவருடைய மனைவியின் சகோதரர் அந்தோனி குரோவ்ஸ் இந்தியாவுக்குப் போனவர். அவரோடு பழகிய தமிழர் ஜோன் கிறிஸ்தியன் அருளப்பன், சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்து திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கினார். இது தனியாக ஒரு உரைக்குரிய விசயம். இன்னொரு மாதம் பார்ப்போம்.

முல்லர் 1830லேயே சபைச் சம்பளத்தை விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் தேவாலயத்தில் இருக்கைக்கு வாடகை. காசுள்ளவனுக்கு நல்ல இடம், இல்லாதவனுக்கு மூலை. அந்தக் காசில் வரும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி ஒரு பெட்டியை மட்டும் வைத்தார். விரும்பினால் போடலாம். அநாதை இல்லத்துக்கும் அதே விதி. யாரிடமும் காசு கேட்பதில்லை. கடன் படுவதில்லை. தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்வது.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்காளன் இத்தோடு விடமாட்டான். கேட்காமல் கேட்கும் வித்தைகள் எனக்குத் தெரியும். "எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா, நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை" என்று மேடையில் சொல்வதும் ஒரு கேட்பதுதான். முல்லருக்கும் இது தெரிந்திருக்கிறது. 1841 டிசம்பரில் ஆண்டுக் கூட்டம் வைத்து அறிக்கை வெளியிடவேண்டிய நேரம் வந்தது. அந்த நேரம் கையில் காசே இல்லை. கூட்டத்தை வைத்து நிலைமையைச் சொன்னால் காசு வந்து கொட்டும். முல்லர் கூட்டத்தையும் அறிக்கையையும் சில மாதங்களுக்குப் பின்போட்டுவிட்டார். எங்கள் வறுமையைக் காட்டிக் கேட்டோம் என்று ஆகிவிடக்கூடாது என்பதற்காக. இந்த இடத்தை வாசித்தபோது நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். என் தொழிலில் அறிக்கையைப் பின்போடுகிற ஆட்கள் ஏராளம். எல்லோரும் நட்டத்தை மறைக்கத்தான் பின்போடுவார்கள். காசு வந்துவிடும் என்ற பயத்தில் பின்போட்ட ஒருவரை இவரிடம்தான் கண்டேன்.

இன்னொன்று. தொடக்கத்தில் ஒரு ஏழைத் தையற்காரப் பெண், வாரத்துக்குச் சில சிலிங் மட்டும் உழைப்பவர், குடும்பச் சொத்தில் கிடைத்த பங்கில் நூறு பவுண் கொண்டுவந்து கொடுத்தார். முல்லர் உடனே வாங்கவில்லை. ஆவேசத்தில் கொடுக்கிறாரா, நாளைக்கு மனம் வருந்துவாரா என்று கூப்பிட்டு நீண்ட நேரம் கதைத்துப் பார்த்தார். அந்தப் பெண் யோசித்துத்தான் கொடுக்கிறார் என்று தெளிவான பிறகே வாங்கினார். பிஸ்கற் ரின்னோடு வந்த என் பிள்ளைகளிடம் அந்தக் கூட்டத்தில் ஒருவராவது, "தம்பி, உமக்கு இது கட்டுபடியாகுமோ?" என்று கேட்டிருந்தால்!

முல்லர் பற்றி எல்லோரும் சொல்லும் கதை, வெறும் தட்டுக்கு முன்னால் பிள்ளைகளை இருத்தி நன்றி செலுத்த, வெதுப்பகக்காரரும் பால்காரரும் வந்து நின்ற கதை. அது பிறர் சொல்லி வந்தது. அதைவிட அவரே எழுதி வைத்த இரண்டு சம்பவங்கள் எனக்குப் பிடிக்கும்.

முதலாவது, அவர் விட்ட பிழை. அநாதை இல்லத்துக்கு வீடு வேண்டும், ஆயிரம் பவுண் வேண்டும், வேலை செய்ய நல்ல ஆட்கள் வேண்டும் என்று ஜெபித்தார். முதலில் வந்தது ஒரு சிலிங். பிறகு ஒரு பெரிய அலுமாரி. கொஞ்சம் கொஞ்சமாகத் தளபாடம், துணி, பாத்திரம், ஆட்கள். 1836 பெப்ரவரி 3ஆம் திகதி, பிள்ளைகளைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டு மணித்தியாலம். ஒருவரும் வரவில்லை. ஒரு பிள்ளைகூட இல்லை! வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் அவருக்குப் பொறிதட்டியது. எல்லாவற்றுக்கும் ஜெபித்தவர், பிள்ளைகள் வரவேண்டும் என்று ஜெபிக்கவே இல்லை. ஐந்தொகை முழுவதும் எழுதிவிட்டு முதல் வரியை விட்டுவிட்ட மாதிரி. அன்று இரவு அதற்காக ஜெபித்தார். அடுத்த நாள் முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரலில் வில்சன் வீதியில் வீடு திறந்தது.

இரண்டாவது, பொயிலர். இந்த நாட்டில் முதல் குளிர்காலத்தைக் கழித்த யாருக்கும் இது விளங்கும். நாங்கள் ஏழு பேர் ஒரு வீட்டில், காசு போடும் மீற்றரோடு, குசினி அடுப்பைத் திறந்துவைத்துக் குளிர் காய்ந்தவர்கள். 1857 நவம்பர் கடைசி. முல்லரின் பெரிய இல்லம் அப்போது ஆஷ்லி டவுன் குன்றில் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் முந்நூறு பிள்ளைகள். பொயிலர் ஒழுகத் தொடங்கிவிட்டது. அதைச் சுற்றிச் செங்கல் கட்டியிருந்ததால் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கவும் சுவரை உடைக்கவேண்டும். உடைக்க நெருப்பை அணைக்கவேண்டும். அணைத்தால் பிள்ளைகள் விறைக்கும்.

முல்லர் என்ன செய்தார்? முதலில் திகதியைக் குறித்து வேலையாட்களுக்குச் சொல்லிவிட்டார். புதன்கிழமை. அதன் பிறகு பார்த்தால் அந்த வருடத்தின் முதல் கடும் வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டது. திகதியை மாற்றவும் முடியாது. இரண்டு விசயம் மட்டும் கேட்டு ஜெபித்தார். வாடையைத் தென்றலாக மாற்றவேண்டும். வேலையாட்களுக்கு, நெகேமியாவின் காலத்தில் எருசலேம் மதிலைக் கட்டியவர்களுக்கு இருந்த மாதிரி, வேலையில் மனம் இருக்கவேண்டும். செவ்வாய் இரவும் வாடைதான். புதன் காலையில் தென்காற்று அடித்தது. நெருப்பே தேவையில்லாத இதமான காலநிலை. அன்று பின்னேரம் மேற்பார்வையாளர், ஆட்கள் இரவு நெடுநேரம் வேலை செய்துவிட்டு விடியக் காலமை வருவார்கள் என்றார். வேலையாட்களின் தலைவரோ, இரவு முழுக்க நின்று முடிக்கிறோம் என்றார். முப்பது மணித்தியாலத்துக்குள் பொயிலர் திரும்ப எரிந்தது.

காற்று தானாக மாறியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், நான் வாதாடமாட்டேன். எனக்குப் பெரிதாகத் தெரிவது காற்று மாற முதலே அவர் திகதி குறித்தது. அவருடைய இரண்டாவது வேண்டுதலையும் பாருங்கள். இன்னொருவரின் கையில் இருக்கும் உளியும் சுத்தியலும் நன்றாக ஓடவேண்டும் என்பது. பொயிலர் தானாகத் திருந்தவேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

1898ல் முல்லர் இறக்கும்போது ஏறத்தாழப் பத்தாயிரம் பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்திருந்தார்கள். பதினைந்து இலட்சம் பவுண் அளவில் அவர் கைவழியாகப் போயிருந்தது. அவர் விட்டுச் சென்ற சொந்தச் சொத்து ஏறத்தாழ 160 பவுண். கணக்கு முழுவதும் அச்சில் இருக்கிறது. குறை கண்டுபிடிக்கப் போன என் கதை இப்படி முடிந்தது.

ஆஷ்லி டவுனுக்கு ஒரு தடவை போனேன். கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. கல்லூரியும் குடியிருப்புகளுமாக மாறியிருக்கின்றன. சாம்பல் நிறக் கல், வரிசை வரிசையாக ஜன்னல். அதன் முன்னால் நின்றபோது எனக்கு என் சொந்தக் கணக்கில் விடுபட்ட வரி ஞாபகம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2004ல் நான் ஒரு சிறிய கணக்குக் கந்தோரில் வேலை செய்தேன். வீடு வாங்கும் ஆசை எங்கள் சனத்துக்குள் பற்றி எரிந்த காலம். வருமானத்தை ஒழுங்காக நிரூபிக்காமலே வீட்டுக் கடன் கிடைத்த காலம். கணக்காளரின் கடிதம் ஒன்று போதும். என் முதலாளி கையெழுத்திடுவார், நான் கடிதத்தைத் தட்டெழுதுவேன். பதினான்காயிரம் உழைப்பவருக்கு நாற்பதாயிரம் என்று எழுதினோம். அப்படி மூன்று கடிதம் தட்டெழுதினேன். நான்காவது, என் ஊர்க்காரர் ஒருவருக்கு. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர். நாற்பத்தெட்டாயிரம் என்று எழுதச் சொன்னார்கள். என் விரல் ஓடவில்லை.

நான் இரண்டு கிழமை ஜெபித்தேன். முதலாளியின் மனதை மாற்றும் ஆண்டவரே என்று. நல்ல உருக்கமான ஜெபம். என் மனைவி ஒரு இரவு கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: "நீங்கள் முதலாளியை மாத்தச் சொல்லிக் கேக்கிறியள். உங்கட வாயைத் திறக்கச் சொல்லி ஒரு நாளும் கேக்கேல்லையே." முல்லர் பிள்ளைகளை மறந்த மாதிரி, நான் என்னையே மறந்து ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கொடிகாமத்து வேலியடியில் அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, வேலைத்தலத்து மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபித்தேன். சத்தம் போட வழியில்லை. பிறகு முதலாளியின் அறைக்குப் போய், இனி இந்தக் கடிதங்களைத் தட்டெழுதமாட்டேன் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. அவர் கத்தவில்லை. "இரண்டு பிள்ளை இருக்கு, யோசியும்" என்றார். மாத முடிவில் எனக்கு வேலை இல்லை.

இங்கே அற்புதம் ஏதும் நடந்ததாக எதிர்பார்க்காதீர்கள். கதவைத் தட்டி ஒருவரும் பாணும் பாலும் கொண்டுவரவில்லை. ஏழு மாதம் நானும் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். மனைவி நகையை இரண்டு தடவை அடைவு வைத்தா. அந்த இரவுகளில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சோதனைக்குப் படித்து, மிச்சப் பாடங்களை எழுதி முடித்துத்தான் பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். அந்த ஊர்க்காரர் வேறு இடத்தில் கடிதம் வாங்கி வீடு வாங்கினார். சில வருடம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 2009ல் வீடு வங்கிக்குப் போனது. அடுத்த வருடம் ஒரு பெட்டி நிறையப் பத்திரங்களோடு என்னிடம்தான் வந்தார்.

முதல் மூன்று கடிதங்களைப் பற்றி நான் ஒருவருக்கும் எழுதவில்லை. எழுதத் துணிவு வரவில்லை. துணிவைப் பற்றிப் பேச வந்தவன் இதை மறைத்தால் அதுவும் ஒரு பொய்க் கடிதம்தான்.

கேட்டும் கிடைக்காத ஜெபத்தைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. 1835ல் முல்லரின் சின்ன மகன் எலியா இறந்துவிட்டான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்காகக் கேட்டுப் பெற்றவருக்குத் தன் பிள்ளையை வைத்திருக்கக் கிடைக்கவில்லை. அதே வருடக் கடைசியில்தான் அவர் அநாதை இல்ல வேலையைத் தொடங்கினார். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. திகதிகளை மட்டும் சொல்கிறேன்.

என் தம்பி 1996ல் எங்களோடு திரும்பி வரவில்லை. வன்னிக்குப் போனான். அங்கே ஒரு கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதினான். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவப் பக்கம் போன சனத்துக்குள் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அம்மா 2012ல் எங்களிடம் லண்டனுக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்கு, பக்கத்து அறையில், சுவரில் காதை வைத்தாலும் கேட்காத குரலில் ஜெபிப்பார்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியில் இருந்து போராட்டம் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். கந்தசுவாமி கோயிலடியில். அடுத்த வருடம் அம்மா, "நான் போகவேணும்" என்றார். வயது எழுபத்தாறு, முழங்கால் வருத்தம். நான் வேண்டாம் என்றேன். பயமாக இருந்தது, உண்மையைச் சொன்னால். "நீ ரிக்கற்றைப் போடு. நான் ஜெபிச்சிட்டன்" என்றார். ஜெபித்து முடித்துவிட்ட ஆளோடு என்ன கதைக்கிறது!

நானும் கூடப் போனேன். கோயில் வாசலுக்குக் கிட்ட, கொட்டகைக்குள், தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா மூன்று நாள் இருந்தார். பக்கத்தில் இருந்த தாய்மாரில் அநேகர் சைவம். ஒருவரும் ஒருவரிடமும் சமயம் கேட்கவில்லை. அம்மா போதனை செய்யவும் இல்லை. ஒரு கொப்பி வாங்கி வரச் சொன்னார். ஒவ்வொரு தாயிடமும் போய், "உங்கட பிள்ளையின்ர பேரைச் சொல்லுங்கோ, நான் ஒவ்வொரு நாளும் சொல்லுவன்" என்று கேட்டு எழுதினார். யாரும் மறுக்கவில்லை. ஒரு அம்மா மட்டும், "உங்கட கடவுள் பதில் சொன்னவரோ?" என்று கேட்டார். அம்மா, "இன்னும் இல்லை" என்றார்.

அந்தக் கொப்பி இப்போது எங்கள் வீட்டில் அம்மாவின் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாற்பத்தொரு பெயர். போன மாதம் அந்த நேயர் அம்மாவின் கேள்வியோடு நான் தூங்காமல் இருந்த காலை, ஐந்து மணிக்கு எழும்பிப் போய் முதல் தடவையாக அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவருக்குக் கண் இப்போது மங்கல். கொப்பியை என்னிடம் தந்து, "நீ வாசி" என்றார். வாசித்தேன். தம்பியின் பெயர் முதலாவதாக இருக்கும் என்று நினைத்தேன். பதினெட்டாவதாக இருந்தது. எழுதிய ஒழுங்கில் எழுதியிருக்கிறார்.

அந்த நேயர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வருகிற ஞாயிறு திரும்ப ஒரு தடவை எடுங்கள். இந்த முறை உங்களுக்கு முன்னால் பாட்டைப் போடமாட்டேன்.